வாயும் வயிறும்

புகைத்ததுண்டா என்றார்.
இல்லை.
சுரங்க வேலை?
இல்லை. தபால் நிலையம். முப்பத்தோரு வருடம்
முத்திரை குத்திய கை இது.
வீட்டில் யாருக்காவது காசநோய்?
இல்லை.
பிறந்தது எங்கே, எந்த வருடம்?
இங்கேதான், ஆன்டோஃபகாஸ்டாவில். அறுபத்து மூன்று.

பேனா நின்றது.
டாக்டர் பலாசியோஸ் சின்னப் பையன்.
என் மார்பின் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு
வெகுநேரம் பேசவில்லை.
அடிக்கிளைகள் தொய்ந்த காலுறைகளாய்
விரிந்து கிடந்தன.
அங்கே தேங்குவதைத்தான் தினமும் விடியலில்
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
அரைமணி நேரம் இருமி எடுக்கிறேன்.

பிறகு கேட்டார்,
இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காததை:
உங்களைச் சுமந்தபோது அம்மா
எந்தத் தண்ணீர் குடித்தார்?

எந்தத் தண்ணீர்!
அதற்கு முன் இந்த ஊரில் தண்ணீர் என்றால்
வாளிக் கணக்கு, வரிசை, வசவு.
குளித்தது தரைக்கு. தரை கழுவியது
முற்றத்தில் நின்ற ஒற்றை மரத்துக்கு.
பிறகுதான் மலையிலிருந்து பாலைவனம் தாண்டிக்
குழாய்க்குள் இறங்கி வந்தது ஆறு.
பாதிரியார் ஜெபித்துத் தெளித்தாராம்.
அம்மா குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி
அப்பா வையும்வரை விளையாடினாளாம்.

அப்புறம் நான் உண்டானேன்.
இரண்டு பேருக்குமாகக் குடி, காய்ச்சிக் குடி
என்றாள் மருத்துவச்சி.
அம்மா சொல் தட்டாதவள்.
எரிமலைப் பாறையை நக்கிக்கொண்டு வந்த நீர்.
நிறமில்லை, வாசனையில்லை.
காய்ச்சினால் இன்னும் செறியுமே தவிரப்
போகாத ஒன்று அதில் இருந்தது.

தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறு என்பார்கள்.
ஒன்பது மாதம் வேறில்லை.
வாய் அவளுடையது.
வயிறு என்னுடையது.
மூச்சுவிடத் தெரியாத என் நுரையீரல்
மொட்டுவிட்டுக் கிளைபிரிந்த வாரங்களில்
காற்றுக்கு முன்னால்
தண்ணீரைத் தெரிந்துகொண்டது.

அண்ணன் ரிகோபெர்த்தோ எட்டு வருடம் மூத்தவன்.
அதே குழாய், அதே எனாமல் குவளை.
இன்றைக்கும் மாடிப்படியில் சீட்டியடித்துக்கொண்டு ஏறுகிறான்.
செய்து முடித்த உடம்போடு அவன் குடித்தான்.
நான் முடியுமுன் குடித்தேன்.
தங்கை எழுபத்திரண்டு. அதற்குள்
சுத்திகரிப்பு ஆலை வந்துவிட்டது.
என் பையையும் அவளே தூக்கி வருகிறாள்.

நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.
ஆயிரம் பேரை எண்ணினால் தெரியும்,
ஒருவரைப் பார்த்தால் தெரியாது.
உங்கள் வயதுக்காரர்கள் நிறைய வருகிறார்கள்
என்று மட்டும் சொல்லிவிட்டு,
படத்தை உறையில் போட்டு
இரண்டு கையாலும் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் அம்மா.
எண்பத்தெட்டு வயது. கோடையிலும் கையுறை.
உள்ளே உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.
கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாய்,
புழுதியில் முதல் மழை விழுந்த தடம்,
மழையே பெய்யாத ஊரில்.

எதெல்மிரா வெர்தூகோவின் மகள் நான்.
பொய் சொல்ல அவளிடம்தான் கற்றேன்.

என்ன சொன்னான்?
கடல்பனிதான் காரணமாம்.
நான் சொன்னால் கேட்டால்தானே.
கழுத்தைச் சுற்றிக்கொள் என்று எத்தனை தடவை!

கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.
கடையில் வாங்கியது. மூடியின் வளையம்
அவள் விரலில்தான் உடைந்தது.
வீட்டுக் குழாயில் அவள் குடிப்பதை நிறுத்தி
எத்தனை வருடம்,
ஏன்,
நான் கேட்டதில்லை.

குடி என்றாள்.
குடித்தேன்.
என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஒவ்வொரு மடக்காக,
கணக்கு ஒன்றைச்
சரிபார்ப்பவள் போல.